கடனா, மானியமா, குத்தகை நிலமா? சாட்ஸ்வொர்த்தில் ஒரு நலவாழ்வு மையத்துக்கான கணக்கு

எங்கள் சங்கத்துக்கென்று ஒரு மையம் வேண்டும் என்ற பேச்சு, தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் இந்தியர்கள் பெருமளவில் வாழும் சாட்ஸ்வொர்த்தில் பத்து ஆண்டுகளாக நடக்கிறது. முன்பக்கம் இரண்டு சிகிச்சை அறைகள். சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பார்க்க ஒரு செவிலியர், வாரம் இருமுறை ஒரு மருத்துவர், கால் புண்ணுக்குக் கட்டு மாற்ற ஓர் இடம். பின்பக்கம் ஒரு மண்டபம். காலையில் முதியோர் உடற்பயிற்சி செய்யலாம், மாலையில் பிள்ளைகள் பூப்பந்து ஆடலாம், சனி ஞாயிறில் விசேஷங்களுக்கு வாடகைக்கு விடலாம். தென்னாப்பிரிக்க இந்தியர்களிடம் சர்க்கரை நோய் மற்றவர்களைவிட அதிகம் என்பதை எந்த மருத்துவரும் சொல்வார். எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருவராவது மாத்திரைப் பையோடு இருக்கிறார். விடியுமுன்னே எழுந்து அரசு மருத்துவமனை வரிசையில் நிற்கும் வயதான ஆயாக்களைப் பார்க்கும்போதெல்லாம் அந்த இரண்டு அறைகள்தான் என் நினைவுக்கு வருகின்றன.

சென்ற கூட்டத்தில் ஒரு தம்பி எழுந்து ஒரு கேள்வி கேட்டார். "அமெரிக்காவில் விவசாயத் துறையே இலாப நோக்கில்லாத சங்கங்களுக்குக் கடன் கொடுத்து மருத்துவமனையும் சமூகக் கூடமும் கட்ட வைக்கிறது. நாமும் நம் அரசாங்கத்திடம் அப்படி ஒரு கடன் கேட்டால் என்ன?" கேட்டவர் விவரம் அறிந்தவர். அங்கே அப்படி ஒரு திட்டம் உண்மையிலேயே இருக்கிறது. 20,000 பேருக்கு மேற்படாத ஊர்களில், மற்ற இடத்தில் நியாயமான நிபந்தனையில் கடன் கிடைக்காத உள்ளாட்சிகளுக்கும் சமூக அமைப்புகளுக்கும் நிலையான வட்டியில் 40 ஆண்டுகள் வரை தவணை கொடுக்கிறார்கள். அந்தக் கேள்விக்கு அன்று என்னால் முழுப் பதில் சொல்ல முடியவில்லை. பன்னிரண்டு ஆண்டுகளாகப் பொருளாளர் பொறுப்பில் இருப்பவள் என்ற முறையில், எங்கள் முன்னால் உள்ள வழிகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்த்து எழுதுகிறேன். எங்களைப் போன்ற வேறு ஊர்ச் சங்கங்களுக்கும் இது பயன்படலாம்.

கணக்குக்காக ஒரு தொகையை வைத்துக்கொள்வோம். நிலம் நீங்கலாகக் கட்டடத்துக்கு 4 மில்லியன் ரேண்ட். இதில் 15 சதவீத வாட் வரி மட்டும் ஏறக்குறைய 522,000 ரேண்ட். சிகிச்சை அறைகளுக்கு நான்கில் ஒரு பங்குகூட ஆகாது. பெருந்தொகையை விழுங்குவது மண்டபம்தான்.

அரசாங்கக் கடன் எங்கே கிடைக்கும்?

தம்பியின் கேள்விக்கு நேரான பதில் இது: அமெரிக்காவில் உள்ளதுபோல் ஒரு கதவு இங்கே இல்லை. மாநகராட்சியிடம் கடன் கேட்கலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். 2003ஆம் ஆண்டின் நகராட்சி நிதி மேலாண்மைச் சட்டம், அதன் 164ஆம் பிரிவில், நகராட்சி தன் உறுப்பினர்களுக்கோ அலுவலர்களுக்கோ பொதுமக்களுக்கோ கடன் கொடுக்கக் கூடாது என்று தடுத்திருக்கிறது. டர்பனை ஆளும் எத்தெக்வினி மாநகராட்சி எவ்வளவு மனம் வைத்தாலும் அது முடியாது. தென்னாப்பிரிக்க வளர்ச்சி வங்கி பெரிய உள்கட்டமைப்புக்கானது. நகராட்சிகளும் அரசு நிறுவனங்களும்தான் அதன் வாடிக்கையாளர்கள். சிறுதொழில்களுக்குக் கடன் கொடுத்துவந்த செஃபா நிறுவனம் 2024 அக்டோபரில், சிறுதொழில்களுக்கு வழிகாட்டிவந்த செடா என்ற அமைப்போடு இணைந்து ஒரே முகமையாகியிருக்கிறது. அது பார்ப்பது தொழில்களையும் கூட்டுறவுச் சங்கங்களையும். உறுப்பினர் சந்தாவிலும் பிரியாணி விற்பனையிலும் நடக்கும் நம்மைப் போன்ற சங்கம் அதன் வரையறைக்குள் வராது.

கூட்டுறவாக மாறிவிடலாமே என்று ஒரு யோசனை வந்தது. மாறலாம், அதற்கு 2005இன் கூட்டுறவுச் சட்டம் இருக்கிறது. கடன் வாங்குவதற்காக மட்டும் சங்கத்தின் சட்ட உருவத்தையே மாற்றினால், நன்கொடை வாங்கும் தகுதியை முதலிலிருந்து நிலைநாட்ட வேண்டியிருக்கும். அது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஆகவே கடன் என்றால் நடைமுறையில் அது தனியார் வங்கிக் கடன்தான்.

வங்கிக் கடனின் உண்மையான விலை

2 மில்லியனை நன்கொடையாகத் திரட்டி, மீதி 2 மில்லியனைப் பத்து ஆண்டுத் தவணையில் வாங்குகிறோம் என்று கொள்வோம். 2023 மே முதல் 2024 செப்டம்பர் வரை, வங்கிகள் கடனுக்கு அடிப்படையாக வைக்கும் பிரைம் வட்டி 11.75 சதவீதமாக நின்றது. அதற்குப் பிறகு இறங்கியது. ஆனாலும் பத்து ஆண்டுக் கணக்கைப் போடுகிறவர் இறங்கிய நாளை மட்டும் பார்த்துப் போடக் கூடாது. அந்த 11.75இல் மாதத் தவணை ஏறக்குறைய 28,400 ரேண்ட். பத்து ஆண்டில் கட்டி முடிப்பது 3.4 மில்லியன். மண்டபத்தை மாதம் எட்டு முறை, ஒரு முறைக்கு 2,500 ரேண்ட் என்று வாடகைக்கு விட்டால் கையில் வருவது 20,000. மின்சாரம், தண்ணீர், காவலாளி, காப்பீடு எல்லாம் இதற்கு மேல். மண்டபம் ஒரு வாரம்கூடக் காலியாகக் கிடக்காமல் ஓடினாலும் தவணைக்கே பற்றாது. முதியோர் உடற்பயிற்சியையும் பிள்ளைகளின் ஆட்டத்தையும் தள்ளிவைத்துவிட்டுக் கல்யாணங்களுக்கே இடம் கொடுத்தால் ஒருவேளை பற்றலாம். அப்படிச் செய்தால் இந்த மையத்தை எதற்குக் கட்டினோம் என்ற கேள்வி எழும்.

இந்த இடத்தில் என் வீட்டுக் கதையைச் சொல்லாமல் போக முடியாது. 1990களின் நடுவில் என் தந்தையார் இருந்த சங்கம் ஒரு கூடம் கட்ட வங்கியில் கடன் வாங்கியது. சங்கத்துக்குச் சொத்து இல்லை. வங்கி தனிநபர் ஜாமீன் கேட்டது. அப்பாவும் இன்னும் மூன்று பேரும் கையெழுத்துப் போட்டார்கள். 1998இல் இந்த நாட்டின் பிரைம் வட்டி 25.5 சதவீதம் வரை ஏறியது. அன்று பத்திரிகை படித்தவர்கள் எவரும் அதை மறந்திருக்க மாட்டார்கள். சங்கம் தவணை தவறியது. வங்கியின் கடிதம் சங்கத்துக்கு வரவில்லை, எங்கள் வீட்டு முகவரிக்கு வந்தது. அப்பா தன் காரை விற்றார். என் தங்கையின் படிப்பு ஓர் ஆண்டு தள்ளிப்போனது. அவர் ஒருநாளும் அந்தச் சங்கத்தைப் பற்றிக் குறை சொன்னதில்லை. ஆனால் வாசலில் தபால்காரர் வந்து நின்றால் அவர் முகம் மாறும். இன்று நாம் பேசும் அதே 2 மில்லியனுக்கு, அந்த 25.5 சதவீதத்தில் மாதத் தவணை 46,200 ரேண்ட். அப்படி ஒரு வட்டி மறுபடியும் வரும் என்று நான் சொல்லவில்லை. ஏறும்போது யார் தலையில் ஏறுகிறது என்பதைத்தான் சொல்கிறேன்.

இன்னொன்றும் நம்மில் பலருக்குத் தெரியாது. 2005இன் தேசியக் கடன் சட்டம் நமக்குப் பாதுகாப்புக் கொடுக்கும் என்று நம்புகிறோம். வீடு வாங்கும் தனிமனிதருக்குக் கொடுக்கும். சட்டப்படி தனி ஆளாக நிற்கும் ஓர் அமைப்பு அடமானக் கடன் வாங்கினால் அந்தச் சட்டம் பொருந்தாது. கடன் வாங்குபவர் தாங்கக்கூடிய தொகைதானா என்று வங்கி சோதித்தாக வேண்டிய கடமையும் அங்கே இல்லை.

மானியம்: கட்டும் பணம் வேறு, நடத்தும் பணம் வேறு

நம் முன்னோர் இந்த மண்ணில் எப்படிக் கட்டினார்கள் என்பதை நினைத்துப் பார்க்கிறேன். 1860 நவம்பர் 16ஆம் தேதி ட்ரூரோ கப்பலில் சென்னையிலிருந்து வந்து இறங்கியவர்களின் பிள்ளைகள், பள்ளிக்கூடம் வேண்டும் என்றபோது அரசாங்கம் முழுப் பணத்தையும் கொடுக்கவில்லை. ஊரார் ஒரு பவுண்டு திரட்டினால் அரசு ஒரு பவுண்டு கொடுக்கும் என்ற முறையில்தான் நட்டாலின் இந்தியப் பள்ளிகளில் பெரும்பகுதி எழுந்தது. 1929இல் திறந்த சாஸ்திரி கல்லூரியும் சமூகம் திரட்டிய பணத்தில் கட்டப்பட்டதுதான். ஆர்.கே. கான் மருத்துவமனை இங்கே 1969இல் திறக்கப்பட்டதற்குப் பின்னாலும் ஒரு வழக்கறிஞர் விட்டுச்சென்ற அறக்கொடை இருந்தது. அந்தப் பழக்கத்தின் இன்றைய வடிவம்தான் மானியமும் வரிச் சலுகையும்.

முதலில் லாட்டரி நிதி. 1997இன் லாட்டரிச் சட்டத்தின் கீழ் நல்ல காரியங்களுக்கான பணம் பிரிக்கப்படுகிறது: அறப்பணிக்கு 45 சதவீதம், கலை பண்பாட்டுக்கு 28, விளையாட்டு பொழுதுபோக்குக்கு 22, மற்றவற்றுக்கு 5. நம் மையம் இரண்டு பெட்டிகளிலும் காலை வைக்கிறது. சிகிச்சை அறைகள் அறப்பணி, மண்டபம் விளையாட்டு. ஒரே விண்ணப்பத்தில் இரண்டையும் கலந்து எழுதினால் இரண்டுக்கும் பொருந்தாமல் போகும் என்பது என் அச்சம். பிரித்து எழுத வேண்டும். பணம் மொத்தமாக வராது, தவணை தவணையாக வரும். முதல் தவணைக்குக் கணக்கும் அறிக்கையும் கொடுத்த பிறகுதான் அடுத்தது. இடையில் ஒப்பந்தக்காரருக்குக் காத்திருக்கப் பொறுமை இருக்காது.

லாட்டரி என்றவுடன் ஊழல் என்று சொல்லி முகம் சுளிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கோபம் நியாயமானது. முதியோர் இல்லம், போதை மறுவாழ்வு மையம் என்று சொல்லிப் பணம் வாங்கிவிட்டுப் பாதிச் சுவரோடு கைவிட்ட கட்டடங்கள் இந்த நாட்டில் நிற்கின்றன. 2020இல் சிறப்புப் புலனாய்வுப் பிரிவு அதை விசாரிக்கக் குடியரசுத் தலைவர் ஆணையிட்டார். ஆனால் கள்வர்கள் எடுத்தார்கள் என்பதற்காக நேர்மையான சங்கங்கள் கேட்காமல் இருந்தால், அது உண்மையில் யாருக்காக ஒதுக்கிய பணமோ அவர்களுக்குத்தான் இரண்டாவது இழப்பு. நாம் கேட்க வேண்டும். ஒவ்வொரு ரசீதையும் சங்கச் சுவரில் ஒட்டிவைத்துக் கேட்க வேண்டும்.

இரண்டாவது, நகராட்சியின் உதவித்தொகை. கடன் கொடுக்கத் தடை போட்ட அதே சட்டம் 67ஆம் பிரிவில் வெளி அமைப்புகளுக்குப் பணம் கொடுக்க வழி வைத்திருக்கிறது. ஒப்பந்தம், அறிக்கை, தணிக்கை செய்த கணக்கு என்று நிபந்தனைகள் உண்டு. என் அனுபவத்தில் இது நாற்காலி, உபகரணம் வாங்க உதவும் அளவுதான். சமூக மேம்பாட்டுத் துறை முதியோர் சேவைக்குக் கொடுக்கும் உதவி வேறு வகை. அது செங்கலுக்கு அல்ல, அன்றாடச் செலவுக்கு. என்னைப் பொறுத்தவரை அதுதான் மிகவும் அருமையான பணம். கட்டடம் கட்டுவது ஒருமுறைச் செலவு. செவிலியர் சம்பளம் மாதாமாதம் வரும். யானையை வாங்குமுன் அதன் தீனிக்கு யார் பொறுப்பு என்று எழுதிவைக்க வேண்டும்.

மூன்றாவது, வருமான வரிச் சட்டத்தின் 18ஏ பிரிவு. இதை நம் சங்கங்கள் போதிய அளவு பயன்படுத்தவில்லை என்பது என் நெடுநாள் வருத்தம். பொதுநல அமைப்பாக வரித்துறையின் அங்கீகாரம் பெற்று, 18ஏ ரசீது கொடுக்கும் தகுதியும் பெற்றுவிட்டால், கொடுப்பவர் தம் வரிக்குரிய வருமானத்தில் 10 சதவீதம் வரை கழித்துக்கொள்ளலாம். ஆண்டுக்கு 400,000 ரேண்ட் வரிக்குரிய வருமானம் உள்ள ஓர் ஆசிரியர் 10,000 கொடுத்தால், 31 சதவீத அடுக்கில் 3,100 ரேண்ட் அவருக்கு வரியில் குறையும். கணக்காளர், மருந்தாளர், கடைக்காரர் என்று நம்மிடையே இப்படிப்பட்ட வருமானம் உள்ளவர்கள் சில நூறு பேராவது இருக்கிறார்கள்.

ஆனால் இதில் ஒரு கத்தி முனை உண்டு. ஏழை எளியோருக்கான மருத்துவச் சேவை 18ஏ பட்டியலில் இருக்கிறது. பொழுதுபோக்கு விளையாட்டு வரிவிலக்குத் தகுதிக்கு மட்டும் வரும், 18ஏ பட்டியலில் இல்லை. மத காரியமும் இல்லை. ஆகவே 18ஏ ரசீது கொடுத்து வாங்கிய பணத்தில் மண்டபத்தின் ஒரு செங்கலைக்கூட வைக்க முடியாது. தனி வங்கிக் கணக்கு, தனிப் பேரேடு, தணிக்கையாளரின் சான்று வேண்டும். மையத்தை ஒரே கட்டடமாகப் பார்த்த எனக்கு, அதை இரண்டு கட்டமாகப் பார்க்க வேண்டும் என்று புரியவைத்தது இந்தப் பிரிவுதான்.

நிலம்

மானியமோ கடனோ, நிலத்தின் மேல் நமக்கு உறுதியான உரிமை இல்லாவிட்டால் எல்லாம் தடுமாறும். நம் முன்னால் மூன்று வகை இடங்கள் இருக்கின்றன: கோயில் வளாகம், நகராட்சி காலி மனை, ஏற்கெனவே கட்டி மூடிக்கிடக்கும் நகராட்சிக் கட்டடம்.

கோயில் வளாகத்தில் கட்டினால் நில விலை இல்லை, ஊரும் கூடும். அதை நான் மனதார விரும்புகிறேன். கூழ் ஊற்றும் நாளில் வரும் கூட்டத்தில் பாதிப் பேருக்கு இரத்த அழுத்தம் பார்த்துவிடலாம். ஆனால் வழிபாட்டிடத்துக்குச் சொத்து வரி இல்லை என்ற சலுகை, முதன்மையாக வழிபாட்டுக்குப் பயன்படும் சொத்துக்குத்தான். மண்டபம் பெரிதாகி வாடகை வருமானம் பெருகினால் அந்தச் சலுகையே கேள்விக்குள்ளாகும். பொதுநல அமைப்பின் சொத்துக்கு, வீட்டு வரி விகிதத்தில் அதிகபட்சம் கால் பங்கு என்ற வரம்பு இருக்கிறது. அதுவும் நல்ல சலுகைதான். தவிர, இந்த மையத்துக்குள் நம் முஸ்லிம் அண்டை வீட்டாரும் சூலு அக்காமாரும் தயங்காமல் நுழைய வேண்டும். கோபுர வாசலைத் தாண்டி வரச் சொன்னால் சிலர் தயங்குவார்கள்.

காலி மனை கிடைத்தால், அது இத்தனை நாள் ஏன் காலியாக இருக்கிறது என்று முதலில் கேட்க வேண்டும். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் எங்கள் மாகாணமான குவாசூலு-நட்டாலில் 400க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். சரிவிலும் ஓடைக்கரையிலும் கட்டியவை போன வேகத்தை நாம் கண்ணால் பார்த்தோம். இன்னொரு சட்டச் சிக்கலும் உண்டு: குத்தகை நிலத்தில் நாம் எழுப்பும் கட்டடம் நிலத்துக்கு உரியவருக்கே சொந்தமாகிவிடும். குத்தகை முடியும்போது இழப்பீடு உண்டா, புதுப்பிக்கும் உரிமை உண்டா என்று ஒப்பந்தத்தில் எழுதாமல் ஒரு மூட்டை சிமெண்ட்கூட வாங்கக் கூடாது. பத்து ஆண்டும் அதற்கு மேலும் உள்ள குத்தகையைப் பத்திரப் பதிவகத்தில் பதிந்துவிட்டால், நிலம் கைமாறினாலும் நம் உரிமை நிற்கும். பொது அறிவிப்பு, கருத்துக் கேட்பு, மாமன்றத் தீர்மானம் என்று இதற்கு நாளாகும். அவசரப்பட்டு மாதாமாதம் நீட்டிக்கும் கடிதத்தை நம்பிச் சுவர் எழுப்பிய சங்கங்களின் கதி எனக்குத் தெரியும்.

மூன்றாவது இடத்தைத்தான் நான் முதலில் வைக்கிறேன். கூரை இருக்கிறது, குழாய் இருக்கிறது, வண்டி நிறுத்த இடம் இருக்கிறது. பழுது பார்க்கும் செலவு புதுக் கட்டடச் செலவில் ஒரு பகுதிதான். பிள்ளைகளுக்குப் புது மண்டபம் கட்டித் தருவோம் என்று வாக்குக் கொடுத்தவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கலாம். நீச்சல் குளம் கேட்டவர்களுக்கு இன்னும் ஏமாற்றம். குளத்துக்கு ஆகும் தண்ணீர், மருந்து, காவல் செலவை நான் இரண்டு முறை கணக்கிட்டுப் பார்த்தேன். இரண்டு முறையும் அது செவிலியரின் சம்பளத்தைத் தின்றது.

என் பரிந்துரை

சிகிச்சை அறைகள் முதலில். அதற்கு 18ஏ நன்கொடையும் லாட்டரியின் அறப்பணிப் பங்கும். பெரிய அடமானக் கடன் வேண்டாம். மண்டபம் இரண்டாம் கட்டம், விளையாட்டுப் பங்குக்குத் தனி விண்ணப்பம்.

கடனே கூடாது என்று நான் சொல்லவில்லை. வருமானம் தரும் பொருளுக்குச் சிறு கடன் நல்லதுதான். மண்டபக் கூரைக்குச் சூரிய மின்தகடு, ஒலிபெருக்கி, மேசை நாற்காலி என்று 300,000 ரேண்ட் மூன்று ஆண்டுக்கு வாங்கினால், அதே 11.75 சதவீதத்தில் மாதம் 10,000க்குச் சற்றுக் கீழே வரும். மண்டப வாடகையில் பாதி. தாங்கலாம். வாங்கும் பொருளையே வங்கி ஈடாக எடுத்துக்கொள்ளட்டும். யாருடைய வீட்டையும், யாருடைய ஓய்வூதியத்தையும் ஜாமீனாக எழுதக் கூடாது. இதைச் சங்கத்தின் அமைப்பு விதியிலேயே சேர்க்க வேண்டும் என்று அடுத்த பொதுக்கூட்டத்தில் தீர்மானம் கொண்டுவருகிறேன்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு சின்ன வேலை பாக்கி இருக்கிறது. இலாப நோக்கில்லாத அமைப்பாகப் பதிந்தவர்கள், நிதியாண்டு முடிந்த ஒன்பது மாதத்துக்குள் ஆண்டறிக்கையும் கணக்கும் அனுப்ப வேண்டும். எங்கள் சென்ற ஆண்டுக் கணக்கு தணிக்கையாளரிடம் இருக்கிறது. இந்த மாதம் முடிவதற்குள் கையெழுத்தாகிவிடும். வார்டு எல்லைக்குள் மூடிக்கிடக்கும் நகராட்சிக் கட்டடங்களின் பட்டியலைக் கேட்டு ஒரு கடிதமும் எழுதியிருக்கிறோம். எழுதியவர் அன்று கேள்வி கேட்ட அதே தம்பி. வெள்ளிக்கிழமை அதை நேரில் கொண்டுபோய்க் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கி வருவார்.